ஒரே கதை, மூன்று முடிவுகள்: ஹாங்காங்கிலிருந்து பாஸ்டனுக்கு

2007 பிப்ரவரி 25 அன்று நடந்த ஆஸ்கர் விழாவில் 'தி டிபார்ட்டட்' 4 விருதுகள் வாங்கியது. சிறந்த படம், இயக்கம், தழுவல் திரைக்கதை, படத்தொகுப்பு. மார்ட்டின் ஸ்கார்செஸிக்கு இயக்கத்துக்கான முதல் ஆஸ்கரும் அதுதான். அந்த விழாவிலேயே ஒரு சின்ன கூத்தும் நடந்தது. படத்தின் மூலம் ஒரு ஜப்பானியப் படம் என்று அறிவிப்பாளர் சொல்லிவிட்டார். மூலம் ஜப்பானில் எடுத்ததே இல்லை. அது 2002 டிசம்பரில் வெளியான ஹாங்காங் படம், 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்'.

ரீமேக் என்றாலே "ஒரிஜினல் பெஸ்ட்டா, ரீமேக் பெஸ்ட்டா?" என்றுதான் பேச்சு போகும். எனக்கு அதைவிட சுவாரசியமாகப் படுவது வேறு ஒன்று. இந்தக் கதைக்கு இரண்டு முடிவுகள் இல்லை, மூன்று இருக்கின்றன. நடுவில் இருக்கிற மூன்றாவது முடிவைப் பற்றி பலருக்குத் தெரியாது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மூன்று ஊர்களின் வரலாறு அதில் தெரிகிறது.

(எல்லா முடிவுகளையும் சொல்லப்போகிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரவும்.)

கதையின் எலும்புக்கூடு

ஹாங்காங் தாதா சாம், தன் பையன்கள் சிலரைப் போலீஸ் பயிற்சிப் பள்ளியில் சேர்த்துவிடுகிறான். அவர்களில் ஒருவன் லாவ் கின்-மிங் (ஆண்டி லாவ்). பத்து வருடத்தில் போலீசில் நல்ல பதவிக்கு வந்துவிடுகிறான். அதே காலத்தில் போலீஸ் தரப்பும் ஒருவனைப் பயிற்சியிலிருந்து துரத்திவிட்டதாக நாடகமாடி, சாமின் கும்பலுக்குள் அனுப்புகிறது. அவன் சான் விங்-யான் (டோனி லியுங்). அவன் போலீஸ்காரன் என்பது வோங் என்ற மேலதிகாரி ஒருவருக்குத்தான் தெரியும். ஒரு கட்டத்தில் இரண்டு பக்கமும் தங்களுக்குள் கறுப்பு ஆடு இருப்பதைக் கண்டுகொள்கின்றன. அதைக் கண்டுபிடிக்கும் வேலை யாரிடம் போகிறது? அந்தக் கறுப்பு ஆடுகளிடமேதான்.

இயக்கியவர்கள் ஆண்ட்ரூ லாவ், ஆலன் மாக். திரைக்கதை ஆலன் மாக்கும் ஃபெலிக்ஸ் சோங்கும். இந்த யோசனைக்குத் தூண்டுதல் 1997இல் வந்த 'ஃபேஸ்/ஆஃப்' என்று மாக் சொல்லியிருக்கிறார். அதில் போலீசும் குற்றவாளியும் முகத்தை மாற்றிக்கொள்வார்கள். முகம் மாற்றுவது நடைமுறையில் ஆகாத காரியம், ஆளை மாற்றலாமே என்று யோசித்திருக்கிறார்கள். 'ஃபேஸ்/ஆஃப்' எடுத்த ஜான் வூவும் ஹாங்காங்கிலிருந்து ஹாலிவுட் போனவர்தான். அவர் 1992இல் ஹாங்காங்கில் எடுத்த 'ஹார்ட் பாய்ல்ட்' படத்தில் ரகசியப் போலீசாக நடித்தவரும் இதே டோனி லியுங். அதனால் இதை ஒரு ஊர் இன்னொரு ஊரைக் காப்பியடித்த கதையாகச் சுருக்க முடியாது. ரெண்டு ஊருக்கும் நடுவே ரொம்ப நாளாகவே கொடுக்கல் வாங்கல் இருந்திருக்கிறது.

முதல் முடிவு: ஹாங்காங்

படத்தின் சீனத் தலைப்பு பௌத்தத்திலிருந்து வருகிறது. எட்டு வெப்ப நரகங்களில் கடைசி நரகத்துக்கு அவீசி என்று பெயர். இடைவெளியே இல்லாமல் துன்பம் தொடரும் இடம். சீனத் தலைப்பை நேராகப் பெயர்த்தால் 'இடைவிடாத பாதை' என்று சொல்லலாம். ஆங்கிலத் தலைப்பு, போலீசுக்குள்ளேயே போலீசை விசாரிக்கும் 'இன்டர்னல் அஃபேர்ஸ்' என்பதை வைத்து விளையாடிய வார்த்தை விளையாட்டு. அதில் நரகம் மட்டும் மிச்சம், இடைவிடாமை காணாமல் போய்விட்டது.

முடிவு இப்படி: யான், மிங்கை மொட்டைமாடியில் வைத்துப் பிடிக்கிறான். லிஃப்ட்டுக்கு இழுத்து வரும்போது இன்னொரு போலீஸ்காரன் யானைச் சுட்டுக் கொல்கிறான். சுட்டவனும் சாமின் ஆள்தான். கீழே இறங்கும் லிஃப்ட்டுக்குள் மிங் அவனைச் சுடுகிறான். கதவு திறக்கிறது. மிங் தன் போலீஸ் அட்டையைத் தூக்கிக் காட்டியபடி வெளியே வருகிறான். பிறகு யானுக்குப் போலீஸ் மரியாதையுடன் இறுதிச் சடங்கு. மிங் அங்கே நின்று சல்யூட் அடிக்கிறான். தண்டனை? யாரும் தரவில்லை. உயிரோடு இருப்பதுதான் அவனுக்குத் தண்டனை.

ஹாங்காங்கில் 2002இல் இப்படி ஒரு முடிவு ஏன் எடுபட்டது? 1997 ஜூலை 1 நள்ளிரவில் பிரிட்டன் ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைத்தது. அதுவரை 'ராயல் ஹாங்காங் போலீஸ்' என்று இருந்த படையின் பெயரிலிருந்து 'ராயல்' போனது. தொப்பியிலும் சின்னத்திலும் இருந்த கிரீடமும் போனது. ஆள் அதே ஆள், ஸ்டேஷன் அதே ஸ்டேஷன், மேலே இருக்கும் எஜமானர் மட்டும் வேறு. படத்தில் மிங் போலீசில் சேர்வது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். கணக்குப் போட்டால், அவன் வயதுள்ள நிஜப் போலீஸ்காரர் ஒவ்வொருவரும் பாதி சர்வீசில் சின்னத்தை மாற்றிக் குத்திக்கொண்டவர்தான். "நான் யார் பக்கம்?" என்ற கேள்வியை அந்த ஊர் பார்வையாளருக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

படத்துறையும் அப்போது படுத்துக் கிடந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 200க்கும் மேல் படம் எடுத்த ஊர், 2002 வாக்கில் 100க்கும் கீழே இறங்கிவிட்டது. அந்த நேரத்தில் இந்தப் படம் உள்ளூரில் மட்டும் சுமார் 5.5 கோடி ஹாங்காங் டாலர் வசூலித்தது. அடுத்த வருடமே இரண்டாம், மூன்றாம் பாகங்களும் வந்துவிட்டன.

கணினித் துறையில் இருப்பதால் ஒரு காட்சி எனக்கு மறக்கவே இல்லை. வோங் கொல்லப்பட்ட பிறகு யான் போலீஸ்காரன் என்பதற்கு மிச்சம் இருப்பது கணினியில் ஒரு ஃபைல் மட்டும். மிங் அதை அழித்துவிடுகிறான். பேக்கப் கிடையாது. ஒரு டெலீட்டில் பத்து வருட வாழ்க்கை போச்சு. இந்தக் காட்சியை ரீமேக்கும் விடாமல் வைத்துக்கொண்டது.

இரண்டாம் முடிவு: சீனப் பெருநிலம்

சீனப் பெருநிலத்துச் சந்தைக்காக வேறு ஒரு முடிவும் எடுத்தார்கள். மலேசியாவிலும் அதுதான் ஓடியது. லிஃப்ட் கதவு திறக்கும் வரை எல்லாம் அதேதான். வெளியே போலீஸ் காத்திருக்கிறது. நீதான் ஒற்றன் என்பதற்கு ஆதாரம் கிடைத்துவிட்டது என்கிறார்கள். மிங் அட்டையை ஒப்படைத்துக் கைதாகிறான். அவ்வளவுதான்.

சில நிமிட மாற்றம்தானே என்று தோன்றும். ஆனால் படத்தின் தலைப்பையே அது வெட்டிவிடுகிறது. கைதானவனுக்கு வழக்கு உண்டு, தீர்ப்பு உண்டு, தண்டனைக்கு ஒரு முடிவும் உண்டு. இடைவிடாத பாதை அங்கே நின்றுபோகிறது.

இதை வைத்துச் சீனாவை மட்டும் கிண்டலடிப்பது சரியாக இருக்காது. 1934 முதல் 1968 வரை ஹாலிவுட்டும் ஹேஸ் கோடு என்ற விதிமுறைக்குள் இருந்தது. குற்றம் செய்தவன் தப்பிப்பதாகக் காட்ட முடியாது. அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைக் குற்றப் படங்களில் வில்லன் கடைசி ரீலில் சாவதற்கும் மாட்டுவதற்கும் அதுவும் ஒரு காரணம். அமெரிக்கா அந்த விதியைக் கைவிட்டது. சீனா கைவிடவில்லை. 2022 ஜனவரியில் டென்சென்ட் தளத்தில் 'ஃபைட் கிளப்' வந்தபோது, கட்டடங்கள் வெடித்துச் சரியும் கடைசிக் காட்சி இல்லை. போலீஸ் சதியைத் தடுத்துக் குற்றவாளிகளைப் பிடித்துவிட்டது என்று எழுத்து ஓடியது. உலகம் முழுக்கக் கேலி கிளம்பிய பிறகு வெட்டியதில் பெரும்பகுதியைத் திரும்பச் சேர்த்தார்கள்.

மூன்றாம் முடிவு: பாஸ்டன்

ரீமேக்கின் திரைக்கதையை எழுதிய வில்லியம் மோனஹன் பாஸ்டன்காரர். மூலப் படத்தைப் பார்க்காமல், திரைக்கதையின் மொழிபெயர்ப்பை மட்டும் வைத்து எழுதியதாகச் சொல்லியிருக்கிறார். 101 நிமிடப் படம் 151 நிமிடமாக வளர்ந்தது. மோர்ஸ் தட்டல் பாக்கெட்டுக்குள் கைவிட்டு அனுப்பும் எஸ்எம்எஸ் ஆனது. மூலத்தில் மிங்கின் வருங்கால மனைவி ஒருத்தி, யானின் மனநல மருத்துவர் வேறொருத்தி. ரீமேக்கில் இருவரும் ஒருவரே. இதெல்லாம் தொழில்நுட்ப மாற்றங்கள்.

அடிப்படையான மாற்றம் ஒன்று உண்டு. பாஸ்டன் தாதா காஸ்டெல்லோ (ஜாக் நிக்கல்சன்) எஃப்பிஐக்குத் தகவல் கொடுப்பவன் என்பது பாதியில் தெரியவருகிறது. மூலத்தில் இது இல்லவே இல்லை. அங்கே சாம் முழுத் தாதா. போலீஸ் துறையும் மொத்தத்தில் ஒழுங்கான துறைதான், உள்ளே புகுந்த ஆட்கள்தான் பிரச்சினை. பாஸ்டனிலோ அரசாங்கமே தாதாவுக்குப் பாதுகாப்பு.

இது மோனஹனின் கற்பனை கிடையாது. தெற்கு பாஸ்டன் தாதா ஜேம்ஸ் 'வைட்டி' பல்ஜர் 1975 முதல் எஃப்பிஐயின் தகவலாளி. அவனைக் கையாண்ட அதிகாரி ஜான் கானலி, பல்ஜர் வளர்ந்த அதே அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். பல்ஜரின் தம்பி வில்லியம் 1978 முதல் 1996 வரை மாசசூசெட்ஸ் செனட்டின் தலைவர். குற்றப்பத்திரிகை வரப்போகிறது என்று கானலியிடமிருந்து துப்பு கிடைத்ததும், 1994 கடைசியில் பல்ஜர் ஓடிப்போனான். கானலிக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது 2002 செப்டம்பரில். ஹாங்காங்கில் மூலப் படம் வெளியாவதற்கு மூன்று மாதம் முன்னால்! ஒரே வருடத்தில் ஒரு ஊரில் அது கற்பனைக் கதை, இன்னொரு ஊரில் கோர்ட் செய்தி.

பாஸ்டன் எஃப்பிஐயின் இன்னொரு பழைய கணக்கும் இருக்கிறது. 1965இல் நடந்த ஒரு கொலைக்காக, தன் தகவலாளியைக் காப்பாற்ற, சம்பந்தமில்லாத 4 பேர் தண்டிக்கப்படுவதை அது பார்த்துக்கொண்டு இருந்தது. அவர்களில் 2 பேர் சிறையிலேயே செத்தார்கள். மற்ற இருவர் ஏறத்தாழ 30 வருடம் உள்ளே இருந்தார்கள். அந்த நால்வரின் தரப்புக்கும் 10 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொல்லி கோர்ட் தீர்ப்பளித்தது 2007 ஜூலையில். 'தி டிபார்ட்டட்' ஆஸ்கர் வாங்கி ஐந்து மாதம் கழித்து.

இந்தப் பின்னணியோடு ரீமேக்கின் கடைசிக் காட்சியைப் பாருங்கள். ஒற்றன் சல்லிவன் (மேட் டேமன்) எல்லாரையும் தாண்டித் தப்பித்து, கடைச் சாமான் பையோடு தன் வீட்டுக்குள் நுழைகிறான். கையுறையும் காலுறையும் மாட்டிக்கொண்டு டிக்னம் (மார்க் வால்பெர்க்) காத்திருக்கிறான். வேலையை விட்டு விலகிய போலீஸ் அதிகாரி அவன். ஒரே குண்டு. ஜன்னலுக்கு வெளியே மாநில அரசு மாளிகையின் தங்கக் கூரை தெரிய, பால்கனிக் கம்பியில் ஓர் எலி ஓடுகிறது. அமெரிக்க வழக்கில் காட்டிக்கொடுப்பவனுக்கு எலி என்றுதான் பெயர். காட்சி கொஞ்சம் ஓவர் என்று திட்டியவர்கள் உண்டு. நான் திட்ட மாட்டேன். எலிக்குப் பின்னால் நிற்பது அரசு மாளிகை. சொல்ல வந்தது அதுதான்.

இங்கே ஹேஸ் கோடு இல்லை, சீனத் தணிக்கையும் இல்லை. சல்லிவன் தப்பித்துப் போயிருக்கலாம். ஆனாலும் கொன்றார்கள். கோர்ட் கொல்லவில்லை, போலீசும் கொல்லவில்லை, தனியாள் ஒருவன் கொல்கிறான். 2006 அக்டோபரில் பாஸ்டன் தியேட்டரில் இதைப் பார்த்தவர்களுக்கு நிஜக் கணக்கு இன்னும் தீராமல் கிடந்தது. பல்ஜர் தலைமறைவாகி 11 வருடம் கடந்திருந்தது. அவன் ஆட்களால் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் காத்துக்கொண்டிருந்தன. சட்டத்தின் மேல் நம்பிக்கை போன ஊரின் முடிவு அது.

அதற்குப் பிறகு

நிஜத்தில் சட்டம் ரொம்பத் தாமதமாக வந்தது. 2011 ஜூனில் கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவில், 81 வயதில் பல்ஜர் பிடிபட்டான். 2013 ஆகஸ்டில் 11 கொலைகளில் பங்கு இருந்ததாகக் கோர்ட் முடிவு செய்தது. இரண்டு ஆயுள் தண்டனை. 2018 அக்டோபர் 30 அன்று மேற்கு வர்ஜீனியச் சிறையில் சக கைதிகள் அவனை அடித்தே கொன்றார்கள். பெருநிலத்து முடிவு முதலில் வந்தது, பாஸ்டன் முடிவு பின்னாலேயே வந்தது.

ஹாங்காங்கிலும் காலம் மாறிவிட்டது. 2021 அக்டோபரில் திரைப்படத் தணிக்கைச் சட்டம் திருத்தப்பட்டது. தேசப் பாதுகாப்புக்கு விரோதம் என்று கருதினால், முன்பே அனுமதி பெற்ற படத்தின் அனுமதியைக்கூட இப்போது ரத்து செய்யலாம். 2002இல் உள்ளூருக்கு ஒரு முடிவு, பெருநிலத்துக்கு ஒரு முடிவு என்று தனித்தனியாக எடுக்க முடிந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருந்தது.

ஹாங்காங் முடிவைத் தேடிப் பார்ப்பவர்கள், முடிந்தால் பெருநிலத்து முடிவையும் பார்த்துவிடுங்கள். சில டிவிடிகளில் கூடுதல் காட்சியாக இருக்கிறது. லிஃப்ட் கதவு திறக்கும் அந்த ஒரு நொடி வரை, இரண்டும் அச்சு அசல் ஒரே படம்.