ஞானத் துலாக்கோல்

ஒரு பொருள் தூயதா, கலப்புற்றதா என்பது வேதியியல் மாணவனின் முதற் கேள்வி. ஃபிக்ஹு கற்பவனும் ஏறக்குறைய இதிலிருந்தே தொடங்குகிறான். முத்லக்கான நீர் எது, பிற பொருள் கலந்து பெயர் மாறிய நீர் எது என்னும் பகுப்பு தொடக்கப் பாடத்திலேயே வந்துவிடுகிறது. பொன்னில் இதே கேள்வி ஜகாத்தைத் தொடுகிறது. 20 மித்கால் எடையுள்ள பொற்காசுகளில் வெள்ளி கலந்திருப்பின், தூய பொன்னின் அளவையே ஷாஃபிஈ மத்ஹபு கணக்கிடும்; பொன் மிகுந்திருந்தால் முழுவதையும் பொன்னாகவே ஹனஃபி மத்ஹபு கொள்ளும். எவ்வாறாயினும் கலப்பின் அளவை அறிந்தாக வேண்டும்.

உருக்கிப் பிரித்தால் பொருள் அழியும். உரைகல்லோ மேற்பரப்பை மட்டுமே சொல்லும். அழிக்காமல் அறியும் வழியை விரிவாக எழுதிவைத்தவர் மர்வ் நகரத்து அப்துர் ரஹ்மான் அல்காஸினீ. ரோம நாட்டு வழிவந்த அடிமையாயிருந்து, எசமானரால் கல்வி அளிக்கப்பெற்றவர். ஹிஜ்ரி 515இல் (கி.பி. 1121–22) சுல்தான் சன்ஜருக்காகக் 'கிதாபு மீஸானில் ஹிக்மா'வை இயற்றினார்.

ஆர்க்கிமிடீஸ் காட்டிய நெறியையும் அல்பீரூனீயின் அளவைகளையும் அடிப்படையாகக் கொண்டவர் அவர். நீரைப்போல் பொன் 19.05 மடங்கும், வெள்ளி 10.30 மடங்கும் கனமுடையவை என்பது அவர்தம் கணக்கு. இன்றைய அளவு முறையே 19.3, 10.5. ஆகவே 100 மித்கால் பொன் 5.25 மித்கால் நீரை விலக்கும். அதே எடை வெள்ளி 9.71 மித்கால் நீரை விலக்கும். ஐயத்திற்குரிய காசுகள் 7.48 மித்கால் நீரை விலக்கினால், எடையில் சரிபாதி வெள்ளி! மூன்று உலோகங்கள் கலந்திருந்தால் இக்கணக்கு ஒரே விடையைத் தராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நீரும் எல்லாம் ஒன்றல்ல. உப்புக் கரைந்த நீர் கனமானது. சூடேறிய நீர் இலேசானது. இந்த வேறுபாட்டையும் அளந்து எழுதியிருப்பதே அந்நூலின் பெருஞ்சிறப்பு என்பது நம் கருத்து.

இத்துலாக்கோலுக்கு ஒரு துயர வரலாறும் உண்டு. காஸினீக்கு முன்னர் அல்முழஃப்பர் அல்இஸ்ஃபிஸாரீ என்னும் அறிஞர் இத்தகைய தராசு ஒன்றை அரும்பாடுபட்டுச் செய்திருந்தார். தன் மோசடி வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சிய கருவூலக் காப்பாளன் அதனை உடைத்தெறிந்தான். அத்துயரிலேயே அவர் மறைந்தார் என்று வரலாற்றாசிரியர் ழஹீருத்தீன் அல்பைஹகீ எழுதுகிறார் (ஹதீஸ்கலை இமாம் பைஹகீ வேறு). காஸினீயோ, சுல்தான் அனுப்பிய 1000 தீனார்களைத் திருப்பிவிட்டு, ஆண்டிற்கு 3 தீனார் தமக்குப் போதும் என்றவராம். கருவூலத்துத் தராசை இத்தகையவரிடமன்றி வேறு யாரிடம் ஒப்படைப்பது?

ருஷ்யத் தூதரக அதிகாரி கனிகோவ் 19ஆம் நூற்றாண்டில் இந்நூலின் பகுதிகளை ஐரோப்பியருக்கு அறிமுகப்படுத்தினார். அரபு மூலமோ 1940இல் நம் ஹைதராபாத் தாயிரத்துல் மஆரிஃபில் அச்சேறியது.