அழுத்த உணர் கடத்துபொருள்கள்

அழுத்தினால் மின்தடை குறையும் பொருள்கள். கரித்தூள் கலந்த பாலித்தீன் தாள், கருப்பு நுரை, கார்பன் மை பூசிய படலம் ஆகியவை இன்று பொழுதுபோக்கு மின்னணுவியலில் மிகுதியாகப் பயன்படுகின்றன. அழுத்தம் கூடும்போது கடத்தும் துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடங்கள் பெருகுகின்றன. மின்னோட்டத்துக்குப் புது வழிகள் திறக்கின்றன.

தொடுமுனைகளின் இந்த இயல்பைப் பிரான்சின் தூ மோன்செல் 1856-இல் குறித்தார். அதைப் பயனுக்குக் கொண்டுவந்தது தொலைபேசி. 1877-இல் எடிசனும் எமில் பெர்லினரும் சில வார இடைவெளியில் இவ்வகை ஒலிவாங்கிக்குக் காப்புரிமை கேட்டு மனுச் செய்தனர். முந்தியவர் யார் என்ற வழக்கு நெடுநாள் நீண்டது. 1878-இல் ஹியூஸ் வெளியிட்ட கருவியையும் சேர்த்தால், கரி ஒலிவாங்கியை ஒருவருக்கே உரிமையாக்குவது கடினம்.

எடிசன் பல பொருள்களைச் சோதித்துப் புகைக்கரியைத் தேர்ந்தார். அவருடைய மென்லோ பார்க் ஆய்வகத்தில் மண்ணெண்ணெய் விளக்குகளை வேண்டுமென்றே புகையவிட்டு, கண்ணாடியில் படிந்த கரியைச் சுரண்டி வில்லைகளாக அழுத்தினர். நம் வீடுகளில் விளக்குப் புகை பிடித்து மை கூட்டுவதைப் போன்ற பொறுமையான வேலை. அதே வில்லையைக் கொண்டு அவர் வெப்பமானி ஒன்றும் செய்தார். வெப்பத்தால் விரியும் கெட்டி ரப்பர்த் துண்டு வில்லையை நெருக்கும். 1878 ஜூலை 29 சூரிய கிரகணத்தன்று, வயோமிங்கின் ராலின்ஸ் ஊரில், அந்த வெப்பமானியின் முள் அளவுகோலைத் தாண்டி ஓடிவிட்டது. அளவாகப் பயன்படவில்லை எனினும், கரியின் கூருணர்வுக்கு இதைவிட அழகான சான்று இல்லை.

வில்லைக்குப் பதிலாகக் கரிக்குருணையை நிரப்பியவர் ஹன்னிங்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் (1878). இந்தியாவில் 1948-இல் பெங்களூரில் தொடங்கிய இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸின் சுழல்தட்டுத் தொலைபேசிகள் வரை இம்முறை நீடித்தது. குருணை இறுகிக் குரல் மங்கினால் கைப்பிடியைத் தட்டிவிட்டுப் பேசுவார்கள்; தட்டியதும் குருணை தளர்ந்து குரல் தெளியும்.

ஜகதீச சந்திர போஸ் 1890-களில் கல்கத்தாவில் மின்காந்த அலைகளை உணர எஃகுச் சுருள்வில்களை நெருக்கி அடுக்கி, அழுத்தத்தைத் திருகால் சரிசெய்தார். அங்கே தடையை மாற்றியது அலையே என்பதால், அதை இவ்வகையில் சேர்க்கலாமா என்பதில் கருத்து வேறுபடலாம்.

1977-இல் ஃபிராங்க்ளின் ஈவன்டாஃப் அழுத்த உணர் மின்தடையத்தை உருவாக்கினார். 1996-இல் இங்கிலாந்தில் டேவிட் லஸ்ஸி, அழுத்தினால் மின்கடத்தும் குவாண்டம் ஊடுருவல் கலவையைக் கண்டார்.

தொடக்கத்தில் சொன்ன கரித்தூள் கலந்த தாளான வெலோஸ்டாட் முதலில் உணரி அல்ல, நிலைமின்னிலிருந்து ஐ.சி.க்களை (ஒருங்கிணைந்த சுற்றுகளை) காக்கும் உறை. ஐ.சி. கால்களைச் செருகி வைக்கும் கருப்பு நுரையும் அப்படியே. சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்குவோருக்கு இது பழகிய பொருள். தாளின் இருபுறமும் செம்பு நாடா ஒட்டி, ஒரு மின்தடையத்துடன் தொடராக ஆர்டுயினோ பலகையில் இணைத்தால் உணரி தயார். 2007-இல் வந்த, துணியில் தைக்கத்தக்க லிலிபேட் என்ற ஆர்டுயினோ பலகைக்குப் பின் துணியில் தைக்கும் உணரிகளும் பரவின. அழுத்தத்தை எடுத்தபின் தடை பழைய அளவுக்கு உடனே திரும்பாததால் எடை பார்க்க இவை ஏற்றவையல்ல. விரல் மெல்லத் தொட்டதா, பலமாக அழுத்தியதா என்று பிரித்தறியப் போதும்.