மாண்டிசெல்லோ

மாண்டிசெல்லோ: அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வர்ஜீனியா மாநிலத்தில், சார்லட்ஸ்வில் நகரை அடுத்த குன்றொன்றின் சிகரத்தில் அமைந்த புராதனப் பண்ணை மாளிகை, சுதந்திரப் பிரகடனத்தை வரைந்தவரும் அந்நாட்டின் மூன்றாம் ஜனாதிபதியுமான தாமஸ் ஜெஃபர்சனின் வாசஸ்தலம்.

தந்தை வழியாக வந்த பூமியில், 1768-இல் குன்றின் உச்சியைச் சமப்படுத்துவித்த ஜெஃபர்சன், இத்தாலியக் கட்டடச் சிற்பி பல்லாடியோவின் கிரந்தங்களைப் பயின்று, தாமே வரைபடம் வகுத்து மாளிகையை எழுப்பத் தொடங்கினார். பிரான்சில் 1789 வரை வசித்தபோது கண்ட கட்டடங்களின் சௌந்தரியத்தில் ஈடுபட்டு, 1796 முதல் அதை விரிவாக மாற்றியமைத்துக் குவிமாடமும் சேர்த்தார். 1809-ஐ ஒட்டி அவ்வேலை பூர்த்தியாயிற்று.

ஏறத்தாழ 5,000 ஏக்கர் பரந்த அப்பண்ணையில் முதலில் புகையிலையும் பின்னர் கோதுமையும் பிரதானமாகப் பயிராயின. மானிடர் யாவரும் சமமென்று பிரகடனம் செய்த அவரே தம் ஆயுளில் அறுநூறுக்கு மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார். மல்பெரி ரோ என்னும் பாதையோரத்துக் குடில்களிலும், தச்சுப் பட்டறையிலும், கொல்லுலையிலும், சிறுவர்கள் ஆணி செய்த கூடத்திலும் அவர்களுடைய வாழ்வு கழிந்தது. மரவேலையில் நிபுணரான ஜான் ஹெமிங்ஸ், கொல்லர் ஜோசப் ஃபாசெட் ஆகியோர் அவர்களுள் சிறந்தவர்.

ஜெஃபர்சன் 1826 ஜூலை 4-இல் பெருங்கடனை விட்டு மறைந்தார். கடனைத் தீர்க்கும்பொருட்டு 1827 ஜனவரியில் நடந்த ஏலத்தில் அடிமைக் குடும்பங்கள் சிதறுண்டன; உயிலின்படி விடுதலை பெறவிருந்த ஜோசப் ஃபாசெட், தம் மனைவி மக்கள் விலைபோவதைக் காண நேர்ந்தது. 1834-இல் மாளிகையை வாங்கிய கடற்படை அதிகாரி யூரியா லெவியும், பிற்காலத்தில் அவருடைய உடன்பிறந்தார் மகனும் அதைப் பழுதுபார்த்துப் பரிபாலித்தனர். 1923-இல் ஓர் அறநிலையம் ஐந்து லட்சம் டாலருக்கு அதனை வாங்கிப் புனருத்தாரணத்தை மேற்கொண்டது.

இன்று செல்வோர், ஜெஃபர்சனின் குறிப்புகளையும் சித்திரங்களையும் ஆதாரமாகக் கொண்டு 1939-க்குப் பின் மீட்கப்பட்ட மலர்ப் பாத்திகளையும், அகழாய்வின் துணையால் மீண்டும் உருப்பெற்ற, 1,000 அடி நீளமுள்ள காய்கறித் தோட்டத்தையும் காணலாம். 1987-இல் யுனெஸ்கோ இவ்விடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தது. 1993 முதல் அடிமைகளின் சந்ததியாரைத் தேடி வாய்மொழி வரலாறுகள் திரட்டப்பட்டன. 2018-இல் சாலி ஹெமிங்ஸ் என்னும் அடிமைப் பெண்ணின் வாழ்க்கையைக் கூறும் காட்சியறை திறக்கப்பட்டது. மாளிகையைச் செப்பனிட்டதினும், அதைக் கட்டிக் காத்த கரங்களுக்கு உரியவர்களைச் சரித்திரத்தில் சேர்த்ததே இப்புனருத்தாரணத்தின் மேலான பகுதியாகும்.