அப்பாவோட புல்லட்டும் நாலு வழிச்சாலையும்

ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு பதிவு. கொஞ்சம் கொசுவத்தி, கொஞ்சம் வரலாறு. பொறுத்துக்கங்க மக்களே.

நமக்கு ஊர் ஆலங்குளம். தென்காசி பக்கம் இருக்கிறது இல்லீங்க, ராஜபாளையம் பக்கம், அரசு சிமெண்ட் ஆலை இருக்கிற ஆலங்குளம் :-) அப்பா அந்த ஆலையிலதான் வேலை பார்த்தார். அவர் போனப்புறம் எனக்குன்னு வந்தது ஒரு 1984 மாடல் புல்லட்.

போன சித்திரையில மதுரையில ஒரு கல்யாணம் முடிச்சுட்டு, மத்தியானம் ரெண்டு மணிக்கு அதுல ஊருக்குக் கிளம்பினேன். நாலு வழிச்சாலை காலியா கிடந்துச்சு. 90-ல பிடிச்சேன். விருதுநகருக்குக் கொஞ்சம் முன்னாடி, யாரோ பின்னாடி இருந்து இழுக்கிற மாதிரி வண்டி திணறுச்சு. அடுத்த நொடி பின் சக்கரம் பூட்டிக்கிச்சு. கிளட்சைப் பிடிச்சதால தப்பிச்சேன். எஞ்சின் சீஸ்.

குட்டியானையில ஏத்தி ராஜபாளையம் கொண்டுபோனேன். அப்பாவுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணாச்சி எஞ்சினைப் பிரிச்சுப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தம்பி, அப்பா இதை என்னைக்காவது அறுபதுக்கு மேல ஓட்டிப் பார்த்திருக்கியா?"

பார்த்ததில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ட்டு வர்றதுக்குள்ள ரெண்டு இடத்துல டீக்கு நிறுத்துவார். மனுஷனுக்கு டீ மேல அவ்வளவு ஆசைன்னுதான் இத்தனை நாளா நினைச்சிருந்தேன்.

இப்போ வரலாறு. புல்லட் பிறந்தது இங்கிலாந்துல, ரெட்டிச்ங்கிற ஊர்ல. அங்க கோடையிலேயே 20 டிகிரி சொச்சம்தான் வெயில். 1949-ல வந்த அந்த மாடல் நம்ம ராணுவத்துக்குப் பிடிச்சுப்போச்சு. 1955-ல ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க, தொழிற்சாலை திருவொற்றியூர்ல. முதல்ல அங்கிருந்து வந்த பாகங்களை இங்க கோர்த்தாங்க. அப்புறம் எல்லாத்தையும் இங்கேயே செஞ்சாங்க. 1970-ல இங்கிலாந்துல உற்பத்தி நின்னே போச்சு. நாம மட்டும் அந்த எஞ்சினை விடவே இல்லை.

குளிர் நாட்டுல பிறந்து, காத்துப் பட்டு மட்டுமே ஆறுற எஞ்சின், நம்ம வெயில்ல அரை நூற்றாண்டு எப்படித் தாக்குப் பிடிச்சுது?

பெட்ரோல் எரிஞ்சு வர்ற சூட்டுல ஏறக்குறைய கால்வாசிதான் வண்டியை ஓட்டுது. மீதி சைலன்சர் வழியாவும், சிலிண்டரைச் சுத்தி அடுக்கடுக்கா இருக்கிற ஃபின் வழியாவும் வெளியே போயாகணும். பழைய புல்லட்டோட சிலிண்டர் வார்ப்பிரும்பு. சூட்டைக் கடத்துறதுல அலுமினியத்துக்கு மூணுல ஒரு பங்குதான் தேறும். உள்ளே ஓடுற பிஸ்டனோ அலுமினியம். அதே சூட்டுக்கு இரும்பைவிட ரெண்டு மடங்கு விரியும். சூடு எல்லை மீறினா பிஸ்டன் பெருத்து, நடுவுல இருக்கிற ஆயில் படலம் கிழிஞ்சு, சிலிண்டரோட ஒட்டிக்கும். எனக்கு நடந்தது இதுதான்.

ஆனா அந்த 346 சிசி எஞ்சினோட கம்ப்ரஷன் வெறும் 6.5. கனமான ஃப்ளைவீல், நிதானமான ஓட்டம். அன்னைக்கு ரோடும் குண்டும் குழியும். அறுபதுல போற வரைக்கும் உண்டாகிற சூடும் வெளியே போற சூடும் சரிக்குச் சரி. ஃபின் செய்ய வேண்டிய வேலையில பாதியை அந்தக் காலத்து ரோடு செஞ்சிருக்கு!

ரோடு மாறினப்போ எஞ்சினும் மாற வேண்டியிருந்துச்சு. 1994-ல கம்பெனி ஐஷர் கைக்குப் போனப்புறம், ஆஸ்திரியாவோட ஏ.வி.எல். உதவியோட அலுமினிய சிலிண்டர் வந்துச்சு. 2009-ல கிளாசிக் புது எஞ்சினோட வந்தது. 2020-ல வந்த மீட்டியார்ல காத்தோட ஆயிலும் சேர்ந்து சூட்டைத் தணிக்குது.

நம்ம கதைக்கு வருவோம். ரீபோர் பண்ணி புது பிஸ்டன் போட்டாச்சு. "ஏற்கனவே பல தடவை கடைஞ்ச சிலிண்டர் தம்பி, இனி ஒரு தடவைகூட தாங்காது"ன்னுட்டார் அண்ணாச்சி. சூடா இருக்கிறப்போ தண்ணி ஊத்திடாதே, விரிசல் விடும். ஆயிலை நாள் தள்ளாம மாத்து. பெட்ரோல் குறைச்சலா போற மாதிரி கார்புரேட்டரைத் திருகி மைலேஜ் தேடாதே, எஞ்சின் கொதிக்கும். மூணையும் ரெண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

இப்பெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் போனா நானும் ரெண்டு இடத்துல நிறுத்துறேன். டீக்கடைக்காரர் ஒருத்தர் வண்டியைப் பார்த்துட்டு, "உங்க அப்பா இங்கதான் நிழல்ல போடுவார்"னு வேப்பமரத்தைக் காட்டினார்.

அங்கேயே போட்டேன்.