பதிவேட்டில் ஏறாத குற்றம்

கீரிப்பாறையில் விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்துக்குப் போகிற சனம் நாங்கள். சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து எடைக்குக் கொண்டுபோக வேண்டும். “மக்கா, எவ்வளவு வெட்டினோம்ங்கது நமக்குத் தெரியும். நோட்டுல எவ்வளவு ஏறிச்சோ அதுதான் கூலி” என்பார் அப்பா.

எம்.ஏ. தமிழ் படிக்கப்போன இடத்தில் இன்னொரு நோட்டைப் பார்த்தேன். விடுதியில் என் அறைக் கதவில் கரியால் என் சாதிப் பெயரை எழுதி, கூடவே ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்திருந்தார்கள். பாயில் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். யாரென்று தெரியும். இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்தேன். விடுதிப் பதிவேட்டில் அது இப்படி ஏறியிருந்தது: ‘மாணவர்களிடையே சிறு தகராறு. இரு தரப்பும் எச்சரிக்கப்பட்டது.’ சாதி காணாமல்போய்விட்டது. எழுதினவனும் எழுதப்பட்டவனும் ‘இரு தரப்பு’ ஆகிவிட்டோம். நடக்கவே இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. நடந்ததற்கு வேறு பேர் வைத்தார்கள், அவ்வளவுதான்.

இந்தப் பேர் வைக்கிற வேலைக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். அவருடைய தந்தை அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். நாடே அதிர்ந்தது, அதிர வேண்டியதுதான். 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. அதுவரை ‘விளையாட்டு’ என்றிருந்தது குற்றமாயிற்று. ஆகவே அரசு நினைத்தால் ஒரு குற்றத்துக்குச் சட்டத்தில் பேர் வைக்க முடியும். ஆனால் அந்தச் சட்டம் ராகிங்குக்குத் தந்த விளக்கத்தில் சாதி என்ற சொல் இல்லை. புகார் உண்மையா என்று முதலில் விசாரிப்பவரும் நிறுவனத் தலைவரே. 2016இல்தான் பல்கலைக்கழக மானியக்குழு தன் ராகிங் விதிகளில் சாதியைச் சேர்த்தது. அதுவும் வன்கொடுமை என்றல்ல, ராகிங்கின் ஒரு வகையாக!

2008 பிப்ரவரியில் ஹைதராபாத் பல்கலைக்கழக விடுதியில் செந்தில்குமார் இறந்தார். சேலம் மாவட்டத்துப் பிள்ளை; பன்றி வளர்க்கும் பன்னியாண்டி சமூகத்திலிருந்து இயற்பியல் ஆராய்ச்சிக்குப் போனவர். அவருக்கு நெறியாளர் ஒதுக்கப்படவில்லை. மாரடைப்பு என்றே முதலில் சொல்லப்பட்டது. பிரேதப் பரிசோதனை விஷம் என்றது. மாரடைப்பு என்றால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை பாருங்கள்.

அதே பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரி 17 அன்று ரோஹித் வெமுலா இறந்தார். விடுதியிலிருந்து விலக்கப்பட்ட ஐந்து தலித் மாணவர்களில் ஒருவர். இம்முறை மரணத்தை மறைக்க முடியவில்லை. 2024இல் காவல்துறை தாக்கல் செய்த முடிவறிக்கை, அவர் தலித்தே இல்லை என்றது. எதிர்ப்பு எழுந்தபின் மேல்விசாரணை என்று அறிவித்தார்கள். குற்றத்தின் பேரை மாற்ற முடியாவிட்டால், செத்தவனின் பேரை மாற்றுவது.

சட்டம் நம் கையில்தானே இருக்கிறது என்று சில தோழர்கள் கேட்கலாம். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, சாதி சொல்லி இழிவுபடுத்தியது ‘பொதுப் பார்வையில்’ நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள், வெளியார் எவரும் இல்லாதபோது சொன்னது அதில் வராது என்று 2020இல் உச்சநீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. நெறியாளரின் அறைக்கு எத்தனை சுவர்? ஆய்வு மாணவன் அவமானப்படுவது பெரும்பாலும் சாத்திய கதவுக்குப் பின்னால்தான்.

அமெரிக்காவில் 1986இல் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் ஜீன் கிளெரி என்ற மாணவி கொல்லப்பட்டார். பெற்றோர் விடாமல் போராடியதில் 1990இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி ஒவ்வொரு கல்வி நிறுவனமும் வளாகத்தில் நடந்த குற்றங்களை வகைபிரித்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இன, மத வெறுப்பால் நடந்தவற்றைத் தனியாகக் காட்ட வேண்டும். அங்கும் மறைக்கிறார்கள். இந்தச் சட்டத்தை மீறியதற்காக லிபர்ட்டி பல்கலைக்கழகத்துக்கு 2024இல் 1.4 கோடி டாலர் அபராதம் விழுந்தது. மறைத்தால் பிடிபட அங்கே ஒரு கணக்காவது இருக்கிறது. இங்கே அதுவும் இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் 13,044 மாணவர் தற்கொலைகள். அவர்களில் எத்தனை பேர் நம் பிள்ளைகள் என்று சொல்லும் அட்டவணை அதில் கிடையாது.

நாம் கேட்க வேண்டியது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. புகார் கொடுத்தவரின் சொல்லிலேயே புகார் பதிவாக வேண்டும். அதைச் சுருக்குகிற உரிமை விடுதிக் காப்பாளருக்கு இருக்கக் கூடாது. சாதி என்றொரு கட்டம் படிவத்தில் இருக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை அந்தக் கணக்கு நோட்டீஸ் பலகைக்கு வர வேண்டும். அதுவரை நம் மாணவர்கள் புகார் மனுவின் நகலில் தேதியும் முத்திரையும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வரக் கூடாது. அன்று நான் வாங்காமல் வந்தேன்.

அந்தக் கதவுக்கு அடுத்த விடுமுறையில் புதுச் சாயம் பூசிவிட்டார்கள். அப்பா கணக்குப்படி, எனக்கு அங்கே ஒன்றுமே நடக்கவில்லை.