எடை எங்கே, பிரேக் அங்கே



நம் சங்கத்தின் சந்திப்புக்கு வரும்போதெல்லாம் ரேஸ் கார் கட்டும் மாணவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, பிரேக் பயாஸ் எவ்வளவு வைக்கலாம்? முன்னாடி 60, பின்னாடி 40 போதுமா?" பிரேக் பாகங்கள் செய்யும் தொழிலில் பத்து வருஷத்துக்கு மேல் காலம் தள்ளியவன் என்பதால் என்னிடம் ஒரு நம்பர் தயாராக இருக்கும் என்று நினைக்கிறார்கள். நம்பரைச் சொல்லிவிட்டுக் காபி சாப்பிடப் போய்விடலாம்தான். ஆனால் அந்த நம்பருக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. ஒரு உலகச் சாம்பியனின் உயிரும் இருக்கிறது. அதைத்தான் இந்த மலரில் சொல்ல விரும்புகிறேன். மெக்கானிக்கல் படிக்காதவர்கள் பயப்பட வேண்டாம், பஸ்ஸில் நின்றபடி பயணம் செய்த அனுபவம் போதும்!

டிரைவர் சடாரென்று பிரேக் போட்டால் நாம் எல்லோரும் முன்னால் சாய்கிறோம் இல்லையா? வண்டியின் எடையும் அப்படித்தான். முன் சக்கரத்தின் மேல் பாரம் ஏறும், பின் சக்கரத்தில் இறங்கும். பாரம் ஏறிய சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்கும், அதற்கு அதிக பிரேக் தாங்கும். பாரம் இறங்கிய சக்கரம் லேசாகிவிடும், அதே பிரேக்கைக் கொடுத்தால் சுழலாமல் லாக் ஆகி வழுக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக்கைப் பங்கு பிரிக்கிற விகிதத்தைத்தான் பயாஸ் என்கிறோம்.

இவ்வளவு எளிமையான விஷயம் ஆரம்ப காலத்தில் யாருக்கும் பிடிபடவில்லை. அன்றைய கார்களில் பெரும்பாலும் பின் சக்கரங்களில் மட்டும்தான் பிரேக். முன்னால் வைத்தால் வண்டி திருகிக்கொள்ளும், கவிழும் என்று பயம். சின்ன வயசில் சைக்கிள் பழகும்போது "முன் பிரேக்கைப் பிடிக்காதடா, குப்புற விழுவே" என்று வீட்டில் சொல்வார்களே, அதே பயம்தான்.

1914 ஜூலை 4 அன்று பிரான்ஸில் லியோன் நகருக்கு அருகே நடந்த கிராண்ட் பிரியில் பெஜோ கார்கள் நான்கு சக்கர பிரேக்குடன் வந்தன. எதிராளியான மெர்சிடிஸில் பின் பிரேக் மட்டுமே. திருப்பங்களில் பெஜோ ஓட்டுநர் ஜார்ஜ் பொய்யோ தாமதமாக பிரேக் போட்டு முன்னேற முடிந்தது. ஆனால் அவர் கார் கடைசிச் சுற்றில் நின்றுபோக, முதல் மூன்று இடங்களும் மெர்சிடிஸுக்குப் போயின. பந்தயம் தோற்றாலும் யோசனை தோற்கவில்லை. 1921-ல் லே மானில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரியில் அமெரிக்கரான ஜிம்மி மர்ஃபி, நான்கு சக்கரங்களிலும் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திய டூசன்பெர்க் காரில் ஜெயித்தார். 1953-ல் டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது.

அடுத்து எடை இடம் மாறியது. 1959, 1960 இரண்டு வருஷமும் ஜாக் பிராபம் உலகச் சாம்பியன் ஆனது எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த கூப்பர் காரில். எஞ்சின் பின்னால் போனதும் பின் சக்கரத்தில் பாரம் கூடியது, பின் பிரேக்கின் பங்கும் கூட வேண்டியதாயிற்று. எடை எங்கே போகிறதோ, பிரேக்கும் அங்கே போக வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம். ஓட்டுநரோடு சேர்த்து 300 கிலோ எடையுள்ள ஒரு மாணவர் கார். முன்னால் 45 சதவீதம், பின்னால் 55 சதவீதம், அதாவது 135 கிலோவும் 165 கிலோவும். வீல்பேஸ் 1.6 மீட்டர். எடையின் மையம் தரையிலிருந்து 0.3 மீட்டர் உயரம். காய்ந்த ரோட்டில் 1 ஜி அளவுக்கு பிரேக் பிடித்தால், 300 பெருக்கல் 0.3 வகுத்தல் 1.6, ஆக சுமார் 56 கிலோ பின்னாலிருந்து முன்னால் போகிறது. இப்போது முன்னால் 191, பின்னால் 109. விகிதம் 64-க்கு 36. அதே கார் மழையில் பாதி ஜி-தான் பிடிக்க முடியும் என்றால் 28 கிலோதான் நகரும். விகிதம் 54-க்கு 46.

பார்த்தீர்களா, ஒரே கார், ஒரே நாள், மழை வந்தால் கணக்கே மாறிவிட்டது! அதனால்தான் ரேஸ் கார்களில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு மாஸ்டர் சிலிண்டர் வைத்து, நடுவே ஒரு பேலன்ஸ் பார் போட்டு, திருகித் திருகிப் பங்கை மாற்றும்படி செய்கிறார்கள்.

சந்தேகம் வந்தால் எந்தப் பக்கம் சாய வேண்டும்? முன் சக்கரம் முதலில் லாக் ஆனால் ஸ்டியரிங் கேட்காது, வண்டி நேராகப் போகும். பெடலைக் கொஞ்சம் விட்டால் திரும்பக் கைக்கு வரும். பின் சக்கரம் முதலில் லாக் ஆனால் வால் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடும், பிடித்து நிறுத்த நேரம் கிடைக்காது. மழைக்கு வைத்த 54-ஐ மறந்துபோய் காய்ந்த ரோட்டில் ஓட்டினால் நடப்பது இதுதான். ஆகவே கொஞ்சம் முன்பக்கமே அதிகம் இருக்கட்டும்.

இனி அந்தச் சாம்பியன் கதைக்கு வருகிறேன். லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் எடை குறைப்பதில் மன்னன். சும்மா சொல்லக் கூடாது, அவர் போல் யோசித்தவர்கள் குறைவு. 1970-ல் வந்த லோட்டஸ் 72 காரில் ரேடியேட்டரை மூக்கிலிருந்து எடுத்துப் பக்கவாட்டில் வைத்தார், எடை பின்னால் நகர்ந்தது. முன் பிரேக் டிஸ்க்குகளைச் சக்கரத்திலிருந்து எடுத்து உடலுக்குள்ளே வைத்தார், சக்கரம் லேசானது. சக்கரத்தையும் டிஸ்க்கையும் இணைத்தது ஒரு தண்டு. பிரேக் போடும்போது வருகிற முறுக்கு முழுவதையும் அந்தத் தண்டுதான் தாங்க வேண்டும்.

அதை ஓட்டியவர் ஜோகன் ரிண்ட். 1969-ல் ஸ்பெயின் பந்தயத்தில் லோட்டஸின் இறக்கை முறிந்து விபத்தில் சிக்கியவர். சில நாட்களில் சாப்மனுக்குக் கடிதம் எழுதினார். வண்டிகள் போதுமான வேகம் உள்ளவை, பலவீனமான பாகங்களுக்கு இன்னும் சில பவுண்டு எடை சேர்த்தாலும் ஜெயிக்கலாம் என்பது அதன் சாரம்.

1970 செப்டம்பர் 5, இத்தாலியின் மான்ஸா. நேர்பாதையில் வேகம் வேண்டி இறக்கைகளைக் கழற்றியிருந்தார்கள். பயிற்சியின்போது பராபோலிக்கா திருப்பத்துக்கு ரிண்ட் பிரேக் போட்டார். வலது முன் பிரேக் தண்டு முறிந்தது. முன்னால் ஒரு பக்கம் பிரேக் பிடிக்கிறது, மறுபக்கம் இல்லை. கார் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு தடுப்பில் மோதியது. தடுப்பு சரியாக அமைக்கப்படாததும் சாவுக்குக் காரணம் என்று விசாரணையில் வந்தது. அந்த வருஷம் அவர் சேர்த்திருந்த 45 புள்ளிகளை யாராலும் தாண்ட முடியவில்லை. இறந்த பிறகு உலகச் சாம்பியன் ஆனவர் இன்று வரை அவர் ஒருவர்தான்.

இது எங்கோ நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். நம் கோவையில் எஸ். கரிவர்தன் 1980-களின் பிற்பகுதியில் மாருதி 800 எஞ்சினை வைத்து எடை குறைந்த ஒற்றை இருக்கை ரேஸ் கார்கள் உருவாக்கினார். 1995-ல் மறைந்த அவர் பெயரைத் தாங்கிய காரி மோட்டார் ஸ்பீட்வேயில்தான் பார்முலா பாரத் மாணவர் போட்டி நடந்து வருகிறது. அங்கே பிரேக் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. நான்கு சக்கரமும் லாக் ஆக வேண்டும், வண்டி நேராக நிற்க வேண்டும். அதில் தேறாத கார் ஓடுகிற போட்டி எதிலும் இறங்க முடியாது, எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, என்னிடம் நம்பர் கேட்பதற்கு முன்னால் காரை நான்கு தராசில் ஏற்றுங்கள். ஓட்டுநரை உட்கார வைத்து, பெட்ரோல் ஊற்றி எடை பாருங்கள். எடையின் மையம் எவ்வளவு உயரம் என்று அளந்து கணக்குப் போடுங்கள். நம்பர் தானாகவே வரும். எடை குறைப்பதானால் சீட்டில் குறையுங்கள், மூடியில் குறையுங்கள், பெயின்டில் கூடக் குறையுங்கள். பெடலில் தொடங்கி டயர் வரை பிரேக்கின் வழியில் இருக்கும் எதிலும், ஒரு போல்ட்டில் கூட, கை வைக்காதீர்கள். அந்த இருநூறு கிராம் இருந்துவிட்டுப் போகட்டும், உங்களில் ஒருவர்தானே அதில் உட்கார்ந்து ஓட்டப் போகிறார்!