ஃபேக்டரி ரீசெட்: ஒரு பாகப்பிரிவினையின் கதை

இப்ப கையில இருக்கிற ஆணி, ஒரு சர்வர் டிஸ்க் இமேஜ் கட்டுறது. நாம எட்டிப் பார்க்க முடியாத ஊர்ல போய் உட்காரப் போற பொட்டி. ஏடாகூடமா ஏதாவது ஆச்சுன்னா, பூட் மெனுவுல 'ஃபேக்டரி ரீசெட்'டைத் தேர்ந்தெடுத்ததும் முதல் நாள் மாதிரி எழுந்து நிக்கணும். ஒரு வரி வேலைதானேன்னு தோணும். ஆனா இதுக்குப் பின்னாடி பெரிய வரலாறே இருக்கு.

முதல்ல வந்த வழி, முழு நகல். 1990களின் நடுவுல நியூசிலாந்துக்காரர் முர்ரே ஹாஸார்ட் எழுதின கோஸ்ட் மென்பொருள் (1998ல் சைமன்டெக் வாங்கிருச்சு) மொத்த டிஸ்க்கையும் ஒரே ஃபைலா சுருட்டி வச்சுக்கும். கெட்டுப்போனா திரும்ப விரிச்சுக்கலாம். காலேஜ் லேப்ல கோஸ்ட் போட்ட அண்ணன்களுக்கு இது நல்லாவே தெரியும். சிக்கல் என்னன்னா, நகலைக் கொட்டி முடிக்கிற வரைக்கும் காத்துக் கிடக்கணும். நடுவுல கரண்ட் போச்சுன்னா பழசும் இல்ல, புதுசும் இல்ல!

இன்னொரு வழி இதுக்கும் முன்னாடியே யோசிச்சு வச்சது. 1980களின் கடைசியில சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஒரு 'ஒளி ஊடுருவும்' ஃபைல் சிஸ்டம் செஞ்சாங்க. மேப் மேல டிரேசிங் பேப்பர் விரிச்சு வரையற மாதிரின்னு வச்சுக்குங்க. கோடெல்லாம் தாள்ல விழும், கீழ இருக்கிற மேப்புக்கு ஒண்ணும் ஆகாது. தாளை உருவிட்டா பழைய மேப் அப்படியே இருக்கும்.

இதை நம்ம மாதிரி ஆளுங்க கண்ணுக்குக் காட்டினது நாப்பிக்ஸ். ஜெர்மனியில கிளாஸ் நாப்பர் 2000ல் வெளியிட்டது. சுமார் 2 ஜிபி சமாச்சாரத்தைச் சுருக்கி 700 எம்பி சிடிக்குள்ள அடைச்சார். சிடியில எழுத முடியாதே? 2005ல் வந்த 3.8 பதிப்புல, ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் உருவான யூனியன்எஃப்எஸ்ஸைச் சேர்த்தார். சிடி அடியில, மெமரி மேல. ஓடிக்கிட்டிருக்கும்போதே புது மென்பொருள்கூட நிறுவலாம். பொட்டியை அணைச்சா எல்லாம் போச்சு. யோசிச்சா, ஒவ்வொரு பூட்டும் ஒரு ஃபேக்டரி ரீசெட்தான்!

மாத்தினதும் தங்கணும், வேண்டாதப்ப போகவும் செய்யணும்னு கேட்டது ரூட்டர்கள். 2002 கடைசியில வந்த லிங்க்ஸிஸ் டபிள்யூஆர்டி54ஜியின் ஆரம்ப மாடல்கள்ல ஃப்ளாஷ் வெறும் 4 எம்பி. அதுல முழு நகலுக்கு எங்க போறது? அந்த ரூட்டரை வச்சு 2004ல் கிளம்பின ஓப்பன்டபிள்யூஆர்டி, அடியில மாத்த முடியாத ஸ்குவாஷ்எஃப்எஸ், மேல எழுதக்கூடிய ஒரு அடுக்குன்னு பிரிச்சுக்கிச்சு. ரீசெட்னா மேல் அடுக்கைத் துடைக்கிறது. அவ்வளவுதான்.

2014 டிசம்பர்ல லினக்ஸ் 3.18ல் ஓவர்லேஎஃப்எஸ் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்திருச்சு. அதே வருஷம் லெனார்ட் பொட்டரிங் ஒரு கட்டுரையில, விற்பனையாளர் தர்றது எல்லாம் யுஎஸ்ஆர்ல இருக்கட்டும், ஈடிசியும் வாரும் காலியா இருந்தாலும் சிஸ்டம் தானே எழுந்துக்கணும்னு எழுதினார். 2020ல் சிஸ்டம்டி 245ல் வந்த ரீபார்ட் கருவியில, எந்தப் பார்ட்டிஷன் ரீசெட்ல போகணும்னு குறிச்சு வைக்கவே ஒரு வரி உண்டு.

சர்வருக்கு நான் கட்டுறதும் இந்த வழியில்தான். ஸ்குவாஷ்எஃப்எஸ் ஒரு பார்ட்டிஷன், மேல் அடுக்குக்கு ஒண்ணு. பூட் மெனுவின் ரீசெட் வரி கெர்னலுக்கு ஒரு சொல்லை அனுப்பும். இனிட்ராம்எஃப்எஸ் ஸ்க்ரிப்ட் அதைப் பார்த்ததும் மேல் அடுக்கை ஃபார்மட் பண்ணிட்டு பூட்டைத் தொடரும். நடுவுல கரண்ட் போனாலும் கவலையில்ல, அடிப்படை பத்திரமா இருக்கு, மறுபடி அமுக்கிக்கலாம்.

உண்மையான தலைவலி, எது யாருக்குச் சொந்தம்கிறது. எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவி அடி இமேஜ்ல இருந்தா, எல்லாப் பொட்டிக்கும் ஒரே சாவி ஆயிடும். அதனால முதல் பூட்லதான் அது உருவாகணும். டேட்டாபேஸ் மேல் அடுக்குல இருந்தா, ஒரு நெட்வொர்க் அமைப்பைச் சரி பண்ண ரீசெட் அமுக்கினவரோட மூணு வருஷக் கணக்கு போயிடும். அதுக்குத் தனிப் பார்ட்டிஷன் வேணும். அடி இமேஜ் பழசாகிட்டே போறதால, ரீசெட் ஆனதும் பழைய பாதுகாப்பு ஓட்டைகளும் திரும்ப வந்துடும். அதனால அப்டேட் ஆகிற வரைக்கும் வெளி உலகத்துக்கு போர்ட்டைத் திறக்கக் கூடாது.

ஆகமொத்தம், ரீசெட்ங்கிறது முதல் நாளே எழுதி வைக்கிற பாகப்பிரிவினை. பத்திரம் ஒழுங்கா இருந்தா பட்டனை யாரு வேணும்னாலும் தைரியமா அமுக்கலாம். இல்லேன்னா சண்டைதான்.

டிஸ்கி: ரீசெட் வேற, அழிப்பு வேற. ஃபார்மட் பண்ணின டிஸ்க்ல பழைய டேட்டாவைத் தோண்டி எடுக்க முடியும். பொட்டியை விக்கிறதா இருந்தா, முதல்லேர்ந்தே என்க்ரிப்ட் பண்ணி வச்சு, கடைசியில சாவியை அழிச்சிடுங்க.